மாமனாரையும் மாமியாரையும் கேம்பிங் கூட்டிப்போகலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஐந்து குடும்பங்கள், 21 பேர், அதில் ஒன்பது குழந்தைகள். ஜூலை நான்காம் தேதி விடுமுறையை ஒட்டி, பென்சில்வேனியாவில் உள்ள ரிக்கெட்ஸ் க்ளென் ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு கேம்பிங். நடுநாளில் எல்லோரும் சேர்ந்து அருவிப் பாதையில் நடப்பதாகத் திட்டம். ஏற்பாடு முழுவதும் வாசகியின் தலையில். கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் மாமனார், மாமியாரும் கூட வருகிறார்கள். மாமனாருக்கு 68 வயது. இருபது வருடச் சர்க்கரை, காலையும் இரவும் மிக்ஸ்டு இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), இரண்டு வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மாமியாருக்கு மூட்டுவலி. ஒரு தோழி ஐந்து மாத கர்ப்பிணி. இன்னொருவரின் ஆறு வயதுப் பையனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை.

"இவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டதும் அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. என் கணவர், 'அப்பா திருமலைக்கு நடந்தே ஏறினவர், இது என்ன பெரிய மலையா? ஏதாவது ஆனால் 911 இருக்கிறது, இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம், குழுவில் ஒரு டாக்டரும் வருகிறார்' என்கிறார். அந்த டாக்டர் ரேடியாலஜிஸ்ட், ஸ்கேன் படம் பார்த்துச் சொல்பவர். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அதிகமாகப் பயப்படுகிறேனா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயப்படுவது அதிகம் இல்லை. ஆனால் பயம் தப்பான இடத்தில் நிற்கிறது. கடிதத்தில் கரடியைப் பற்றி மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள், ஏரியைப் பற்றி ஒரு முறைகூட இல்லை. எமர்ஜென்சியில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கோடை விடுமுறையில் எங்களிடம் வருபவர்கள் கரடி கடித்து வருவதில்லை. வழுக்கி விழுந்து வருவார்கள், சர்க்கரை இறங்கி வருவார்கள், தண்ணீரில் மூழ்கி வருவார்கள்.

இன்னொன்று, 21 பேரும் ஒரே பாதையில் நடந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? மாமனாரை வீட்டில் விடுவதா, அருவிக்கு அழைத்துப் போவதா என்று இரண்டே வழி இருப்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் விடுவது எனக்கும் பிடிக்கவில்லை. கார் ஓட்டத் தெரியாத, இன்சுலின் போடுகிற ஒருவரைத் தெரியாத ஊரில் மூன்று நாள் தனியாக விட்டுப் போவதும் ஆபத்துதான். அவர்கள் வரட்டும். வந்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அந்தப் பாதை எப்படிப்பட்டது

உங்கள் கணவர் திருமலையைச் சொன்னார். அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறியிருந்தால் அது சாதாரண விஷயம் இல்லைதான். எந்த வருடம் என்று மட்டும் கேளுங்கள். ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பா, பின்பா? அதோடு திருமலையில் ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார மண்டபம் உண்டு, சோடா உண்டு, கூட ஆயிரம் பேர் உண்டு. ஏறிவிட்டால் இறங்க பஸ் உண்டு.

ரிக்கெட்ஸ் க்ளென் இதற்கு நேர் தலைகீழ். கார் நிறுத்துமிடம் மலை மேலே, லேக் ரோஸ் பக்கம். நடை ஆரம்பிக்கும்போது இறக்கம். காலை நேரம், நிழல், இரண்டு பக்கமும் அருவி, எல்லோருக்கும் உற்சாகம். கிச்சன் க்ரீக் ஓடை இரண்டேகால் மைலுக்குள் கிட்டத்தட்ட ஆயிரம் அடி இறங்குகிறது. அதன் ஓரமாகக் கல் படிகளில் நாமும் இறங்குகிறோம். கல் பல இடங்களில் சாரல் பட்டு ஈரமாகவே இருக்கும். வாட்டர்ஸ் மீட் என்ற இடத்தில் இரண்டு ஓடைகள் சேர்கின்றன. களைப்பு தெரிய ஆரம்பிப்பது அங்கேதான். அங்கிருந்து கார் இருக்கும் இடத்துக்குப் போக இரண்டு வழி, இரண்டுமே ஏற்றம். ஒன்றில்தான் 94 அடி உயர கனோகா அருவி வருகிறது. பார்க்க அத்தனை அழகு, ஆனால் முழங்கால் நடுங்கும் நேரத்தில் அதன் பக்கத்துப் படிகளை ஏற வேண்டும்.

முழுச் சுற்று 7.2 மைல். மேல் பகுதியை மட்டும் சுற்றினால் 3.2 மைல். சின்னச் சுற்றையே பூங்கா நிர்வாகம் கடினமான பாதை என்றுதான் சொல்கிறது. "3.2 மைல்தானே, எடிசன் ஊரில் தினமும் சாயங்காலம் நடக்கிறார்" என்று நினைக்க வேண்டாம். நடைபாதையில் மைல் கணக்கு வேறு, கல் படியில் வேறு.

உங்கள் மாமனார் இந்தப் பாதையில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவரை நான் நேரில் பரிசோதித்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் அந்த மாத்திரையால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். மேலே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். கர்ப்பிணித் தோழிக்கும் இதையே சொல்வேன். ஐந்தாம் மாதத்தில் நடப்பது நல்லது. ஈரக் கல்லில் இறங்குவது வேண்டாம், வயிறு முன்னே தள்ளும்போது உடம்பின் சமநிலையே மாறிவிடும். அத்தையின் முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன்.

அதற்காக இவர்கள் அருவியே பார்க்கக்கூடாதா? பார்க்கலாம். பூங்காவின் கீழ்ப்பக்கம் 118ஆம் எண் சாலையை ஒட்டி ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து ஆடம்ஸ் அருவி கூப்பிடு தூரம். பக்கத்திலேயே எவர்கிரீன் டிரெயில், சுமார் ஒரு மைல், வயதான ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே. வேர்களும் கற்களும் அங்கும் உண்டு, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகட்டும். போதும் என்றால் பத்தாவது நிமிடத்தில் திரும்பிவிடலாம். அந்த வசதி மேல் பாதையில் கிடையாது.

நடப்பவர்கள் நடக்கட்டும். ஆனால் உங்கள் வண்டிகளில் ஒன்றைக் காலையிலேயே 118 சாலைப் பக்கம் நிறுத்திவிடுங்கள். வாட்டர்ஸ் மீட்டில் யாராவது "இனி என்னால் ஏற முடியாது" என்றால், ஏறக்குறைய இரண்டு மைல் இறங்கினால் அந்த வண்டி. ஏறச் சொல்லி இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

மாமனாரின் சர்க்கரை

சில வருடங்களுக்கு முன் ஒரு கேம்பிங்கில் என் கண் முன்னால் நடந்தது இது. காலை ஏழரை மணி. ஒரு பெரியவர் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டார். பொங்கல் ஆகிக்கொண்டிருந்தது. வீட்டு அடுப்பு இல்லையே, ஒற்றை பர்னர் ஸ்டவ். காற்றடித்தால் தீ சாய்கிறது, பதினைந்து பேருக்கான குக்கர் விசிலே வரமாட்டேன் என்கிறது. "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று எட்டரை ஆனது. அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை, நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. பேத்தியின் பெயரைக் கேட்டால் வேறு பெயர் சொன்னார். "ராத்திரி தூக்கமில்லை, அதான்" என்றார்கள். விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் 46. பக்கத்து டென்ட் அமெரிக்கக் குழந்தையின் ஆப்பிள் ஜூஸ்தான் அன்று அவரைக் காப்பாற்றியது.

மிக்ஸ்டு இன்சுலின் போட்டால் அரை மணிக்குள் சாப்பாடு வாய்க்குப் போக வேண்டும். கேம்பில் இந்த விதியைத் திருப்பிப் போடுங்கள். தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. தொடையில் போட்டுக்கொண்டு நடந்தால் மருந்து வேகமாக ஏறும், நடக்கும் நாளில் வயிற்றில் போடட்டும். நடைக்கு முன் சுகர் 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நடந்த அன்று இரவிலும் சுகர் இறங்கலாம், பல பேருக்கு இது தெரியாது. படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள். அன்றைய அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைக் கும்பகோணத்து டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ, "இன்னிக்கு ஒரு வேளை வேண்டாம்" என்று நிறுத்தவோ வேண்டாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். சாப்பிட்டால் கை நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

70க்குக் கீழே இறங்கினால் அரை கப் ஜூஸ் அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அப்போது சர்க்கரையை ஏற்ற மூக்கில் அடிக்கும் குளூககான் ஸ்ப்ரே இருக்கிறது, இங்கே ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினைக் காரில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் இருபது டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடும். ஐஸ் மேல் நேராக வைத்தாலும் உறைந்து கெட்டுவிடும். துணியில் சுற்றி, ஐஸ் படாமல், கூலருக்குள்.

கடலை மிட்டாய்

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி வேறு ஒன்று. "மாமா சுகர் இறங்கினால் போட்டுக்கொள்ள பாக்கெட்டில் எப்போதும் கடலை மிட்டாய் வைத்திருப்பார். அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியில் புளியோதரை கிளறித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்."

அதே கூட்டத்தில்தான் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஆறு வயதுப் பையனும் இருக்கிறான். தாத்தா அன்போடு ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். சுகருக்கும் அது நல்ல மருந்து இல்லை, கடலையின் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். பாக்கெட்டில் குளூக்கோஸ் மாத்திரை வைத்துக்கொள்ளட்டும். புளியோதரையில் நிலக்கடலைக்குப் பதில் கடலைப்பருப்பு போடச் சொல்லுங்கள், அதற்கு முன் பையனின் அம்மாவிடம் நல்லெண்ணெய் ஒத்துக்கொள்ளுமா, பருப்பு ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். எள் தனியாக ஒரு ஒவ்வாமை. ஒரே கரண்டி பல பாத்திரத்துக்குப் போகும் பழக்கம் நமக்கு உண்டு, அவன் சாப்பாட்டை முதலில் எடுத்து வைத்துவிட்டால் பாதிக் கவலை போயிற்று.

ஒவ்வாமை முற்றினால் போடும் எப்பிநெஃப்ரின் ஊசி இரண்டும் அந்தப் பையன் போகும் இடத்துக்கெல்லாம் கூடப் போக வேண்டும். அம்மா நடையிலும் பையன் ஏரிக்கரையிலும் இருந்து, ஊசி அம்மாவின் பையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். அவனைப் பார்த்துக்கொள்ளும் எல்லாப் பெரியவர்களுக்கும் போடத் தெரிய வேண்டும். வெளித்தொடையில், உடை மேலேயே குத்தலாம். போட்டு நன்றாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், சில மணி நேரம் கழித்து அறிகுறி திரும்பி வரலாம்.

புளியோதரை முதல் நாள் வழிப்பயணத்துக்குச் சரி. வெறும் சாதமும் சாம்பார் சாதமும் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மறுபடி சூடு பண்ணினாலும் சாதத்தில் உருவான நச்சு போகாது. அப்புறம் உங்கள் கரடி. மிச்சச் சாப்பாடு, ஊறுகாய், பற்பசை எல்லாம் இரவில் பூட்டிய காருக்குள் இருக்கட்டும், டென்ட்டுக்குள் ஒரு முறுக்குகூட வேண்டாம். கரடி விஷயம் அவ்வளவுதான்.

911, இன்சூரன்ஸ், கூட வரும் டாக்டர்

911 இருக்கிறது. அழைக்க சிக்னல் வேண்டும், அந்தப் பள்ளத்துக்குள் அதை நம்ப முடியாது. ஐபோன் 14 முதல் வந்தவற்றில் சாட்டிலைட் மூலம் அவசரச் செய்தி அனுப்பலாம், ஆனால் தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும், அங்கே தெரிவது மரம். செய்தி போய்ச் சேர்ந்தாலும் ஆம்புலன்ஸ் படியில் இறங்காது. பென்சில்வேனியாவின் கிராமப்பக்கங்களில் பெரும்பாலும் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள்தான் வருவார்கள். வீட்டிலிருந்தோ வேலையிலிருந்தோ கிளம்பி வந்து, ஆளை ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஈரப் படிகளில் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி வர வேண்டும். மணிக்கணக்காகும். அதுவரை உங்களிடம் உள்ள ஜூஸ்தான் மருத்துவமனை.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் பாலிசிகள் பல, ஏற்கெனவே உள்ள நோயை ஏற்காது. சிலவற்றில், பழைய நோய் திடீரென முற்றினால் மட்டும் ஒரு வரம்பு வரை தருவார்கள், அதற்கும் வயதும் நிபந்தனையும் உண்டு. சர்க்கரை, ஸ்டென்ட் இரண்டும் பழைய நோய். பாலிசியில் அந்தப் பகுதியையும் ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டர் பற்றிய வரியையும் இன்றே படியுங்கள். அதே சமயம், பணத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 1986இல் வந்த ஒரு சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வருபவரை இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிர் ஆபத்தைச் சமாளித்தே ஆக வேண்டும். பில் பிறகு வரும். பில்லோடு பேரம் பேசலாம்.

ரேடியாலஜிஸ்ட் நண்பரைக் குறை சொல்லமாட்டேன். ஸ்கேன் மெஷின் இல்லாத காட்டில் அவரும், மானிட்டர் இல்லாத காட்டில் நானும் ஏறக்குறைய ஒன்றுதான். அவரை நம்பி யாரும் கூடுதலாகத் துணிய வேண்டாம், பாவம், அவருக்கும் அது விடுமுறை.

கசகசா அளவில் ஓர் உண்ணி

உண்ணி கடித்து வரும் லைம் நோய் அதிகம் உள்ள மாநிலங்களில் பென்சில்வேனியா முன்வரிசையில் இருக்கிறது. கோடையில் கடிக்கும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது. பொதுவாக அது 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடம்புக்குள் போகிறது, ஆகவே தினமும் இரவு தேடினால் தப்பிக்கலாம். அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், காதுக்குப் பின்னால், குழந்தைகளின் தலைமுடி. கண்டால் கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், சூடு, வாஸலின் எதுவும் வேண்டாம். வெகுநேரம் ஒட்டியிருந்தது என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் ஒரே வேளை மாத்திரையில் தடுக்கலாம், கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை பொதுவாகத் தருவதில்லை. இணையத்தில் காட்டும் சிவப்பு வளையம் எல்லோருக்கும் வராது. நம் நிறத்துத் தோலில் அது கன்றிப்போன தழும்பு மாதிரிகூட இருக்கும். ஊர் திரும்பி ஒரு மாதம்வரை காய்ச்சலோ தடிப்போ வந்தால் "காட்டுக்குப் போய்வந்தோம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஏரி

நடைக்குப் போகாதவர்கள் ஏரிக்கரையில் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேக் ஜீன் 245 ஏக்கர், மணல் கரை, பார்க்க ரம்மியம். பென்சில்வேனியா ஸ்டேட் பார்க் கரைகளில் லைஃப்கார்டு இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது குழந்தைகள், கரையில் முட்டிவலிக்காரரும் சர்க்கரைக்காரரும் கர்ப்பிணியும் மட்டும். இந்தக் கணக்குதான் உங்கள் திட்டத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்துகிறது. குழந்தை மூழ்கும்போது கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் கீழே போகும். நீந்தத் தெரிந்த இரண்டு பேர் நடையை விட்டுக்கொடுத்துக் கரையில் இருக்க வேண்டும், அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, முறைக்காரர் கையில் போன் இல்லாமல். அருவியில் யாரும் குளிக்கவும் வேண்டாம். குற்றாலம் போலத் தலையைக் கொடுத்து நிற்க அங்கே அனுமதி இல்லை, கம்பியும் இல்லை. மதுவுக்கும் அந்தப் பூங்காவில் தடை, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுவரும் நண்பர் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இரவைப் பற்றியும் கொஞ்சம். மாமா இரவில் இரண்டு முறை எழுந்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். டென்ட்டின் ஜிப்பைத் தேடி, குனிந்து வெளியே வந்து, இருட்டில் டென்ட் கயிறு தடுக்கி... விழுவது பெரும்பாலும் அப்படித்தான். பூங்காவில் கேபின்கள் இருக்கின்றன, விடுமுறை வாரத்தில் கிடைப்பது கஷ்டம், இருந்தாலும் ரத்தாகும் இடத்துக்காகப் பார்த்துக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் அவர்கள் இருவரும் உங்களில் ஒருவரோடு வெளியே மோட்டலில் தூங்கிக் காலையில் வரட்டும். டென்ட்தான் என்றால் கழிப்பறைக்குப் பக்கத்து இடம், தலையில் மாட்டும் டார்ச், ஒரு மக். குளிருகிறது என்று ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ டென்ட்டுக்குள் யாரும் கொண்டுபோகக் கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

எல்லாம் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன். இதில் மாமனாரின் வாய்ச்சொல் எங்கே? கணவர் சொன்னது இருக்கிறது, அத்தை முகம் சுண்டியது இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. மகனின் நண்பர்கள் முன்னால் "என்னால் முடியாது" என்று எந்த அப்பாவும் சொல்லமாட்டார். கணவரும் நீங்களும் அவரோடு தனியாக உட்கார்ந்து கேளுங்கள். "மாமா, இது இறங்கி ஏறுகிற பாதை, வழுக்கும். கீழே வேறொரு அருவி இருக்கிறது, கார் பக்கத்திலேயே நிற்கும். எது உங்களுக்குச் சரி?" என்று. இரண்டாவதைச் சொல்ல அவர் காத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். பிடிவாதமாக முதல் பாதையைத்தான் சொன்னால், உங்கள் வீட்டு மாடியை நிற்காமல் நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு கனத்தாலோ அந்தப் பேச்சு முடிந்தது. அருவியை விடுங்கள், பயணத்துக்கு முன்பே இதய டாக்டரிடம் போக வேண்டும்.

கணவருக்கு இதைப் படிக்கக் கொடுங்கள். கும்பகோணத்து டாக்டருக்கு மருந்துச் சீட்டைப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்புங்கள். அத்தைக்குக் கை வைத்த உயரமான நாற்காலி ஒன்று வாங்குங்கள். தரையோடு தாழ்ந்த கேம்ப் நாற்காலியில் உட்கார்ந்தால், இரண்டு பேர் தூக்கிவிட்டால்தான் அவரால் எழுந்திருக்க முடியும்.